‘சர்’ பட்டமும் அதன் படிநிலைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் பழைய கட்டடங்களில் பதித்த கற்களிலும், யாழ்ப்பாணத்துப் பள்ளி மலர்களிலும், அந்தக் காலப் புத்தகங்களின் முதல் பக்கங்களிலும் ‘சர்’, ‘சேர்’, ‘லேடி’ என்ற அடைமொழிகளையும் கே.சி.ஐ.இ., சி.எம்.ஜி. போன்ற எழுத்துகளையும் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். குழப்பங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன: பெயருக்கு முன்னால் வரும் ‘சர்’ நைட் பட்டம் பெற்ற எல்லோருக்கும் பொது, அவர் எந்தப் படியில் இருந்தார் என்பதைச் சொல்பவை பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

நைட் என்றால் குதிரையில் போய்ச் சண்டை போடுபவர்தானே? பேராசிரியருக்கும் நீதிபதிக்கும் அந்தப் பட்டம் எதற்கு?

தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. இடைக்கால ஐரோப்பாவில் கவசம், போர்க்குதிரை, ஆயுதங்கள் ஆகியவற்றுக்குச் செலவு செய்யும் வசதியுள்ளவரே நைட் ஆக முடிந்தது. அந்த வசதி நிலத்திலிருந்து வந்தது. நிலத்தைக் கொடுத்த தலைவனுக்குப் போர்க்காலத்தில் படைத்தொண்டு செய்வது அதற்கு ஈடான கடமையாக இருந்தது. உயர்குடிச் சிறுவன் ஏறத்தாழ ஏழு வயதில் வேறொரு பிரபுவின் வீட்டில் ஏவலாளாகச் சேர்ந்து, பதினான்கு வயதளவில் ஒரு நைட்டின் கவசத்தையும் குதிரையையும் பேணும் உதவியாளனாகி, இருபத்தொரு வயதையொட்டிப் பட்டம் பெறுவது வழக்கம். பட்டம் பெறுவதற்கு முந்தைய இரவில் நீராடி, தேவாலயத்தில் கண் விழித்திருக்கும் சடங்கும் இருந்தது.

காலப்போக்கில் இது பெருமையாக இருந்த அளவுக்குச் சுமையாகவும் ஆயிற்று. குறிப்பிட்ட அளவு நில வருமானம் உள்ளவர்கள் நைட் பட்டத்தை ஏற்க வேண்டும், இல்லையேல் அபராதம் கட்ட வேண்டும் என்று இங்கிலாந்து மன்னர்கள் கட்டாயப்படுத்தினார்கள். வழக்கொழிந்து கிடந்த இந்த முறையை, நாடாளுமன்றம் இல்லாமல் பணம் திரட்டுவதற்காக முதலாம் சார்லஸ் 1630இல் உயிர்ப்பித்தார். 1641இல் அது ஒழிக்கப்பட்டது. பட்டம் வேண்டாம் என்பதற்காக மக்கள் பணம் கட்டிய காலமும் உண்டு என்பதை, பட்டத்துக்காகப் பணம் கொடுத்த பிற்காலத்தவரை நினைக்கும்போது சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். படைத்தொண்டு என்ற பொருள் தேய்ந்த பிறகு, அரசுக்கும் பொதுவாழ்வுக்கும் செய்த பணிக்கான அங்கீகாரமாக இந்தப் பட்டம் மாறியது.

இப்போது யாருக்குக் கொடுப்பது என்று அரசரே ஆள் பார்த்து முடிவு செய்வாரா?

பெரும்பாலும் இல்லை. பரிந்துரைகளைத் துறைவாரியான குழுக்கள் ஆராய்ந்து, பட்டியல் பிரதமர் வழியாக அரசருக்குச் செல்லும். புத்தாண்டின்போதும், ஜூனில் வரும் அரசரின் அதிகாரபூர்வப் பிறந்தநாளின்போதும் அது வெளியிடப்படும். அரசர் தம் சொந்த விருப்பத்தில் வழங்குபவை மிகச் சில; கார்ட்டர், திஸில், ராயல் விக்டோரியன் ஆகிய ஆர்டர்களும் ஆர்டர் ஆஃப் மெரிட்டும் அவற்றில் சேரும்.

ஆர்டர் ஆர்டர் என்கிறார்களே, அது என்ன?

அரசரைத் தலைவராகக் கொண்டு, தனக்கென விதிகளும் சின்னமும் குறிக்கோள் வாசகமும் உடைய ஒரு குழாம்தான் ஆர்டர். மூன்றாம் எட்வர்டு 1348இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் கார்ட்டர், பிரிட்டனில் இன்றும் நடப்பில் உள்ளவற்றில் மிகப் பழையது. அரசரையும் வேல்ஸ் இளவரசரையும் தவிர இருபத்துநான்கு பேருக்கு மட்டுமே அதில் இடமுண்டு. ஸ்காட்லாந்துக்கு உரிய திஸில் ஆர்டரில் பதினாறு இடங்கள். அவற்றுக்குப் பிறகு பாத் 1725இலும், செயின்ட் மைக்கேல் அண்ட் செயின்ட் ஜார்ஜ் 1818இலும், ராயல் விக்டோரியன் 1896இலும், பிரிட்டிஷ் எம்பயர் 1917இலும் ஏற்படுத்தப்பட்டன.

இந்தியாவுக்கென்றே இரண்டு ஆர்டர்கள் இருந்தன. 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆட்சி நேரடியாக அரசியின் கைக்கு வந்ததையடுத்து 1861இல் ஸ்டார் ஆஃப் இந்தியாவும், 1878இல் இந்தியன் எம்பயரும் நிறுவப்பட்டன. சமஸ்தான மன்னர்களைப் பிணைத்து வைப்பதே முதலாவதன் நோக்கம் என்று நான் கருதுகிறேன். வெளிர்நீல நாடாவில் தொங்கிய அதன் பதக்கத்தில் விக்டோரியாவின் உருவமே செதுக்கப்பட்டிருந்தது. 1947க்குப் பிறகு இவ்விரண்டிலும் புதிதாக எவரும் சேர்க்கப்படவில்லை.

ஜி.சி., கே.சி., சி. என்று எழுத்துகள் மாறி மாறி வருகின்றன. எப்படிப் படிப்பது?

மூன்று படிகள் கொண்ட ஆர்டர்களில் மேல்படி நைட் கிராண்ட் கமாண்டர் அல்லது கிராண்ட் கிராஸ். அதன் அடையாளம் ‘ஜி.சி.’. நடுப்படி நைட் கமாண்டர், அதற்குக் ‘கே.சி.’. கீழ்ப்படி கம்பானியன், அதற்கு வெறும் ‘சி.’. அதையடுத்து வரும் எழுத்துகள் ஆர்டரின் பெயரைக் குறிக்கும்: எஸ்.ஐ. என்றால் ஸ்டார் ஆஃப் இந்தியா, ஐ.இ. என்றால் இந்தியன் எம்பயர், எம்.ஜி. என்றால் மைக்கேலும் ஜார்ஜும், பி. மட்டும் வந்தால் பாத். ஆகவே, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் டி. முத்துசாமி ஐயரின் பெயரை அடுத்துவரும் கே.சி.ஐ.இ., அவர் இந்தியன் எம்பயர் ஆர்டரில் நடுப்படியில் இருந்தார் என்பதைச் சொல்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அதே படியினர்.

மேல்படிக்கும் நடுப்படிக்கும் மட்டுமே ‘சர்’ உண்டு. கீழ்ப்படிக்குக் கிடையாது.

அப்படியானால் எம்.பி.இ., ஓ.பி.இ. வாங்கியவர்களைச் ‘சர்’ என்று எழுதுவது தவறா?

தவறுதான். பிரிட்டிஷ் எம்பயர் ஆர்டரில் ஐந்து படிகள் உள்ளன: ஜி.பி.இ., கே.பி.இ., சி.பி.இ., ஓ.பி.இ., எம்.பி.இ. முதல் இரண்டுக்கு மட்டுமே அடைமொழி உண்டு. ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. பெற்றது இவற்றில் கடைசியான எம்.பி.இ. அகதியாக இங்கிலாந்துக்கு வந்த தம் தாயார், ஆங்கிலம் தெரியாதவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்றாக இந்தப் பதக்கங்களையே பல ஆண்டுகள் கையால் தைத்துக்கொடுத்தவர் என்று அவர் அப்போது தெரிவித்தார். பட்டங்களைப் பற்றிய எத்தனையோ செய்திகளுக்கு நடுவில் எனக்கு மறக்காத செய்தி அது.

சி.வி. ராமனுக்குச் ‘சர்’ இருக்கிறது, பின்னால் எழுத்து ஒன்றையும் காணோமே?

அவர் நைட் பேச்சலர். அதாவது எந்த ஆர்டரையும் சேராத நைட். இந்த வகை கார்ட்டரைவிடவும் பழையது. ஆனால் மரியாதை வரிசையில், எல்லா ஆர்டர்களின் நைட்டுகளுக்கும் பின்னால்தான் இவர்கள் நிற்க வேண்டும். நோபல் பரிசு கிடைத்ததால்தான் ராமனுக்குச் ‘சர்’ கிடைத்தது என்று பலர் எழுதுகிறார்கள். ‘சர்’ வந்தது 1929இல், நோபல் வந்தது 1930இல். 1931இல் பட்டம் பெற்ற ராதாகிருஷ்ணனும் இதே வகையினர். முதலில் நைட் பேச்சலராகிப் பின்னர் ஆர்டருக்குள் உயர்ந்தவர்களும் உண்டு: ஆற்காடு இராமசாமி முதலியார் 1937இல் ‘சர்’ ஆனார், 1942இல் கே.சி.எஸ்.ஐ. ஆனார். முன்னொட்டில் எந்த மாற்றமும் இல்லை. படி மட்டும் மாறியது.

இராமானுஜனின் எஃப்.ஆர்.எஸ். இந்த வரிசையில் எங்கே வரும்?

எங்கும் வராது. 1918இல் அவர் பெற்றது ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதி; அறிஞர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அளிப்பது.

இந்தியத் தமிழர்களுக்கு சி.ஐ.இ., இலங்கைத் தமிழர்களுக்கு சி.எம்.ஜி. வருகிறதே, ஏன் இந்த வேறுபாடு?

இந்தியா தனி அமைச்சரின் கீழ் இருந்தது. இலங்கை குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சின் கீழ் இருந்தது. மைக்கேல்–ஜார்ஜ் ஆர்டர் முதலில் மால்டாவுக்கும் அயோனியத் தீவுகளுக்கும் என்று ஏற்படுத்தப்பட்டு, பின்பு குடியேற்ற நாடுகள் அனைத்துக்கும் விரிக்கப்பட்டது. ஆகவே சேர் பொன்னம்பலம் இராமநாதன் நைட் ஆவதற்கு நெடுங்காலம் முன்பே, 1889இல், சி.எம்.ஜி. பெற்றிருந்தார். கடலுக்கு அப்பால் வேதாரண்யத்தில் பிறந்து அதே பணியைச் செய்திருந்தால் சி.ஐ.இ. கிடைத்திருக்கும்.

விடுதலைக்குப் பிறகும் இலங்கையில் இப்பட்டங்கள் சில காலம் தொடர்ந்தன. 1956இல் பண்டாரநாயக்க அரசு பரிந்துரைப்பதை நிறுத்தியது. அவருடைய தந்தையே ஒரு ‘சேர்’.

ராவ் பகதூர், திவான் பகதூர், ராஜா, மகாமகோபாத்தியாய – இவையும் நைட் பட்டங்களா?

அல்ல. இவை இந்திய அரசின் பெயரால் வைஸ்ராய் வழங்கியவை. இங்கிலாந்தின் நைட் முறைக்கு வெளியே இருந்தவை. தென்னிந்திய இந்துக்களுக்கு ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று அவை ஏறின. முஸ்லிம்களுக்குக் கான் சாகிப், கான் பகதூர். மகாமகோபாத்தியாய என்பது புலமைக்கு உரியது, உ.வே. சாமிநாதையர் அதனை 1906இல் பெற்றார். ஒருவரிடம் இரண்டு முறைகளும் சேர்ந்திருக்கலாம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரில் ‘ராஜா’ ஒரு பட்டம், ‘சர்’ வேறொரு பட்டம்.

சர் நியூட்டன் என்பதா, சர் ஐசக் என்பதா? மனைவியை எப்படிக் குறிப்பிடுவது?

‘சர்’ எப்போதும் சொந்தப் பெயரோடு சேரும்: சர் ஐசக் நியூட்டன், அல்லது சுருக்கமாகச் சர் ஐசக். குடும்பப் பெயரோடு மட்டும் சேர்த்துச் சர் நியூட்டன் என்று எழுதுவது அவர்கள் மரபில் பிழை. மனைவிக்கு இதற்கு நேர்மாறு: ‘லேடி’ கணவரின் குடும்பப் பெயரோடுதான் சேர வேண்டும், சொந்தப் பெயரோடு சேர்ந்தால் அவர் பெரிய பிரபு ஒருவரின் மகள் என்று பொருளாகிவிடும்.

குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத நம் வழக்கத்தில் இந்த விதி என்ன ஆயிற்று என்பதைச் சென்னையிலேயே பார்க்கலாம். மயிலாப்பூரில் உள்ள லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளியின் பெயர் விதிப்படி அமைந்தது, கணவர் கே.சி.எஸ்.ஐ. பெற்ற சர் பி.எஸ். சிவசாமி ஐயர். நீதிபதி சர் வெங்கடசுப்பா ராவின் மனைவியாரோ தம் பெயரைத் தாங்கிய பள்ளியின் மூலம் ஊர் வாயில் ‘லேடி ஆண்டாள்’ ஆகிவிட்டார். லண்டனில் இதைக் கேட்டால் அவரை ஒரு பிரபுவின் மகள் என்றே நினைத்திருப்பார்கள். பெயரே அழிந்து கணவர் பெயரில் கரைந்துபோவதைவிட இந்தப் பிழை எனக்குப் பிடித்திருக்கிறது.

பெண்களுக்கு நைட் பட்டம் உண்டா?

1917இல் பிரிட்டிஷ் எம்பயர் ஆர்டர் ஏற்பட்டபோது ‘டேம்’ என்ற இணையான பட்டம் வந்தது. நைட் பேச்சலருக்கு நிகராகப் பெண்களுக்குத் தனிப்படி இல்லாததால், ஆணுக்கு அதைக் கொடுக்கும் இடத்தில் பெண்ணுக்கு அந்த ஆர்டரின் ‘டேம் கமாண்டர்’ படியான டி.பி.இ. கொடுக்கிறார்கள், எனவே வரிசையில் அவர் சற்று முன்னால் நிற்பார். ஆனால் ‘சர்’ரின் மனைவி லேடி ஆவது போல, டேமின் கணவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. 1917க்கு முன்பே நடந்த ஒரு விதிவிலக்கு நம் பக்கத்தில் உண்டு: போபாலை ஆண்ட சிக்கந்தர் பேகம் 1860களிலேயே ஸ்டார் ஆஃப் இந்தியாவின் நைட்டாகச் சேர்க்கப்பட்டார்.

அப்பாவுக்குப் பிறகு மகனுக்குச் ‘சர்’ வருமா?

நைட் பட்டம் ஆளோடு முடிந்துவிடும். தலைமுறை தோறும் தொடர்வது பேரனெட் என்னும் வேறு பட்டம். அவருக்கும் ‘சர்’ உண்டு என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். முதலாம் ஜேம்ஸ் 1611இல் படைச்செலவுக்குப் பணம் திரட்ட அதை விற்கத் தொடங்கினார். பம்பாய் வணிகர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் 1842இல் நைட் ஆனார், 1857இல் பேரனெட் ஆனார். பட்டத்துக்கு வரும் வாரிசு ஒவ்வொருவரும் தம் பெயரை விட்டு அவர் பெயரையே சூட்டிக்கொள்ள வேண்டும் என்று தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

லார்டு இவ்விரண்டுக்கும் மேலான பிரபுப் பட்டம். கிரிக்கெட் வீரர் இயன் போத்தம் 2007இல் ‘சர்’ ஆகி, 2020இல் லார்டு ஆனார்.

வாளால் தோளைத் தொட்டால்தான் பட்டம் செல்லுமா?

விழாவில் பட்டம் பெறுபவர் அதற்கென்றே செய்த சிறு முழந்தாள் மணையில் வலது முழங்காலை ஊன்றி நிற்க, அரசர் வாளின் தட்டைப் பகுதியால் முதலில் வலது தோளையும் பிறகு இடது தோளையும் தொடுவார். திரைப்படங்களில் வருவது போல ‘எழுந்திரும்’ என்று அரசர் சொல்வதில்லை. டேம்களை வாளால் தொடுவதில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் குருமார்களையும் தொடுவதில்லை. அவர்கள் ஆர்டரில் சேர்க்கப்பட்டாலும் ‘சர்’ போட்டுக்கொள்வதில்லை.

நேரில் வர முடியாதவர்களுக்கு அரச முத்திரையிட்ட ஆவணத்தின் வழியாகவும் பட்டம் வழங்கலாம். கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குக்கு 2000ஆம் ஆண்டில் அங்கேயே, பிரிட்டிஷ் தூதர் வழங்கினார்.

ரத்தன் டாட்டாவுக்கு ஜி.பி.இ. கொடுத்தார்களே, ஏன் யாரும் ‘சர் ரத்தன்’ என்று சொல்வதில்லை?

அது கௌரவப் பட்டம். பிரிட்டிஷ் அரசரைத் தம் அரசராகக் கொள்ளாத நாட்டினருக்கு எழுத்துகள் உண்டு, ‘சர்’ கிடையாது. பில் கேட்ஸ், பண்டிட் ரவிசங்கர் ஆகியோருக்குக் கிடைத்ததும் இதுவே. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் 2012இல் முழுப் பட்டமே பெற்றார்.

இந்தியத் தரப்பில் இன்னொரு தடையும் இருக்கிறது. அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு, இந்தியக் குடிமகன் எவரும் அயல்நாட்டுப் பட்டம் எதையும் ஏற்கக் கூடாது என்கிறது. பத்ம விருதுகளும் பட்டங்கள் அல்ல, அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பாலாஜி ராகவன் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அழைப்பிதழ்களில் ‘பத்மஸ்ரீ’ போடுபவர்கள் இதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை.

தாகூர் மட்டும்தான் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தாரா?

இல்லை, அவருக்கு முன்பே ஒரு மதுரைக்காரர் அதைச் செய்தார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றிய எஸ். சுப்பிரமணிய ஐயர் 1900இல் கே.சி.ஐ.இ. பெற்றவர். அன்னி பெசன்டின் ஹோம் ரூல் இயக்கத்தில் முன்னின்ற அவர், இந்தியாவின் நிலையை விளக்கி 1917இல் அமெரிக்க அதிபர் வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மான்டேகு அதைக் கடுமையாகக் கண்டித்தபோது, எழுபது வயதைத் தாண்டியிருந்த ஐயர் 1918இல் கே.சி.ஐ.இ., திவான் பகதூர் இரண்டையும் துறந்தார். 1915இல் ‘சர்’ ஆன தாகூர், ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்து அதைத் துறந்தது 1919 மே இறுதியில். தாகூரின் கடிதம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஐயரின் செயலைத் தமிழ்நாட்டிலேயே பலர் அறியார்.

கொடுக்க வந்தபோதே வேண்டாம் என்றவர்கள் உண்டா?

பலர் உண்டு. கோகலே 1904இல் சி.ஐ.இ. ஏற்றார், 1914இல் வந்த கே.சி.ஐ.இ.யை மறுத்தார். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் 1928இல் கே.சி.எஸ்.ஐ.யை மறுத்து, 1930இல் கம்பானியன் ஆஃப் ஹானர் என்ற சிறப்பை ஏற்றுக்கொண்டார். முரண்பாடு போலத் தோன்றும் இவ்விரண்டும் முரண்பாடு அல்ல: நான்காம் கேள்வியில் சொன்னபடி சி.ஐ.இ.க்கு அடைமொழி இல்லை; கம்பானியன் ஆஃப் ஹானருக்கும் இல்லை. பணிக்கான பாராட்டை ஏற்கலாம், பெயரை மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று அவர்கள் நினைத்ததாகவே நான் கொள்கிறேன்.

கொடுத்த பட்டத்தை அரசு பறிக்க முடியுமா?

முடியும். அயர்லாந்து விடுதலைக்காகச் செயல்பட்ட ரோஜர் கேஸ்மென்ட்டின் பட்டம் 1916இல் அவர் தூக்கிலிடப்படுவதற்கு முன் பறிக்கப்பட்டது. சோவியத் உளவாளி என்று வெளிப்பட்ட கலை வரலாற்றாளர் ஆன்டனி பிளன்ட்டின் பட்டம் 1979இல் போயிற்று. வங்கியாளர் ஃபிரெட் குட்வின் 2012இல் இழந்தார். இறந்தவரிடமிருந்து பறிக்க முடியாது. பட்டம் இறப்போடு தானே முடிந்துவிடுகிறது. அதே காரணத்தால் இறந்தவருக்குப் புதிதாக வழங்குவதும் இல்லை.

விவியன் ரிச்சர்ட்ஸும் சோபர்ஸும் ஒரே ‘சர்’ தானா? ஜடேஜா எப்போது வாங்கினார்?

கார்ஃபீல்டு சோபர்ஸுக்கு 1975இல் எலிசபெத் அரசியே பார்படோஸில் பட்டமளித்தார். ரிச்சர்ட்ஸின் ‘சர்’ லண்டனிலிருந்து வந்ததல்ல. ஆன்டிகுவா பார்புடா நாடு 1999இல் தன் தேசிய வீரர் ஆர்டரில் சேர்த்து அளித்தது. இந்திய அணித்தலைவர்களில் விஜயநகரம் மகாராஜ்குமார் 1936இல் ‘சர்’ ஆனார். ஜடேஜாவுக்கு அதை அளித்தவர்கள் தோனியும் சேப்பாக்கம் ரசிகர்களும். எழுத்துகள் எவையும் சேரா.

மலேசியாவின் டத்தோவும் இதுதானா?

அது மலாய் அரசுகளின் மரபில் எழுந்த தனி முறை. துன், தான் ஸ்ரீ, டத்தோ என்று படிகள் இருப்பதும், மனைவியர் முறையே தோ புவான், புவான் ஸ்ரீ, டத்தின் எனப்படுவதும் ஒற்றுமைகள். துன் சம்பந்தன் பெற்றிருந்தது அவற்றில் உச்சப்படி.

இன்றைக்குக் கட்டுரை எழுதும்போது இவர்களுக்குச் ‘சர்’ போட வேண்டுமா?

எந்த ஆண்டைப் பற்றி எழுதுகிறோம் என்பதைப் பார்த்து முடிவு செய்வதே நேர்மை. 1928இல் தம் ஒளிச்சிதறல் ஆய்வை அறிவித்தவர் சி.வி. ராமன், 1930இல் நோபல் பெற்றவர் சர் சி.வி. ராமன். ராதாகிருஷ்ணன் விடுதலைக்குப் பின் தம் பெயரோடு ‘டாக்டர்’ என்பதையே வைத்துக்கொண்டதால், குடியரசுத் தலைவரைச் ‘சர்’ என்று எழுதுவது பொருந்தாது. கல்லூரி, தெரு, அரங்கம் ஆகியவற்றின் பெயரில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ‘சர்’ரை அப்படியே விட வேண்டியதுதான்; சர் தியாகராயா கல்லூரி என்பது இடப்பெயர். சுப்பிரமணிய ஐயர் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு: 1918க்குப் பிந்தைய நிகழ்ச்சிகளை எழுதும்போது, அவர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததை நாம் மறுபடி மாட்டிவிடக் கூடாது.